தங்கசேரி வளைவில் விரித்த இலை

குற்றாலத்தில் சோற்றுக்கடைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. சாரல் விழ ஆரம்பித்தால் போதும், பெரிய அருவிக்குப் போகிற வழி நெடுக மூங்கில் தட்டியைக் கட்டி, மேலே ஓலையைப் போட்டு, ஆளாளுக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். ஆனாலும் அருவியில் குளித்துவிட்டு வயிறு காந்த வருகிறவன் நேரே போய் உட்காருவது முப்பிடாதி கடையில்தான். அவள் கைப்பக்குவம் அப்படி. வாயும் லேசுப்பட்டதல்ல. காசு கொடுக்காமல் நழுவப் பார்த்த ஒரு மிராசுதாரை, ஈர வேட்டியோடு பஜார் நடுவில் நிறுத்தி அவள் கேட்ட கேள்வியை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

அவள் கடையில் காசே கொடுக்காமல் உண்டு எழுந்தவன் ஒருத்தன்தான். அவள் தம்பி சிவனணைந்தபெருமாள். ஊருக்குள் பெருமாள். ஆத்தாள் செத்தபோது அவன் தவழ்கிற பிள்ளை, இவளுக்கே பாவாடை கட்டத் தெரியாத வயது. கஞ்சி காய்ச்சி ஊற்றி வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, தம்பியும் என்கூட வருவான், சம்மதமானால் பூ வையுங்கள் என்று நடு வீட்டில் நின்று சொன்னவள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற குற்றாலிங்கம் அதற்குச் சரி என்றான். நல்ல மனுஷன். யாரையாவது கேலி பண்ணாமல் இருந்தால் அவனுக்குத் தின்ற சோறு செரிக்காது, அது ஒன்றுதான் குறை.

பெருமாள் வளர்ந்து தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் ஜட்கா ஓட்டினான். நல்ல ஆகிருதி. கோபம் வந்தால் மட்டும் அவனுக்குக் கண் தெரியாது. முதலில் காது சிவக்கும், அப்புறம் இடது கண் இமை துடிக்கும், அதற்கப்புறம் எதிரே இருப்பது மனுஷனா மாடா என்று பார்க்கமாட்டான். பாவூர்சத்திரத்தில் வண்டிக்கு வழிவிடாத ஒருத்தனின் தாடையை உடைத்தான். தன் குதிரையையே ஒரு தரம் மூக்கில் ரத்தம் வர அடித்தான். ஒவ்வொரு தடவையும் முப்பிடாதி போய் யார் காலிலாவது விழுந்து அவனை மீட்டுக்கொண்டு வருவாள். வந்ததும் இலையைப் போட்டுச் சோறு வைப்பாள். என்னைக் கேட்டால் அவளைத்தான் முதலில் நாலு வைய வேண்டும். அப்படி அடித்துவிட்டு வந்த ஒரு வாட்டியாவது இலையைப் போடாமல் இருந்திருந்தால் அவன் யோசித்திருப்பானோ என்னவோ.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்துச் சாரல். கடை நிரம்பிக் கிடந்தது. பெருமாள் தன் வழக்கமான மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காலையில் ஸ்டேஷன் வாசலில் ஒரு கூலிக்காரனைச் சவுக்கால் அடித்துவிட்டு வந்திருந்தான். குற்றாலிங்கம் அருவியிலிருந்து எண்ணெய் வழிகிற உடம்போடு உள்ளே வந்தவன், சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா சோறு தின்னு வளந்த உடம்புக்கு இம்புட்டு ஆட்டம் ஆகுமாலே, மாப்ள?"

கடையே சிரித்தது. முப்பிடாதியும் சிரித்தாள், அதை அவள் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. மிச்சச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டான். எழுந்து கை கழுவினான். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தான். அப்பாடா, கோபம் இல்லை என்று அவள் நினைத்துத் திரும்புவதற்குள், தேங்காய் வெட்டுகிற அரிவாள் அடுப்படியில் இல்லை.

முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. குற்றாலிங்கத்தின் சிரிப்பு முகத்தை விட்டு முழுசாகப் போகவில்லை. இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான், கை மணிக்கட்டோடு தொங்கியது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று பார்க்கக் கடையில் ஆள் இல்லை, தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். முப்பிடாதி புருஷனைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தாள். எண்ணெயும் ரத்தமுமாக உடம்பு அவள் கையில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிக் கீழே போனது. வடித்து வைத்திருந்த கஞ்சிப் பானை சிவந்து கிடந்தது. பெருமாள் அரிவாளை வாசலில் போட்டுவிட்டு, மழையில் இலஞ்சிப் பாதையில் செங்கோட்டையைப் பார்த்து நடந்து போனான். ஓடக்கூட இல்லை.

ஏன் ஓட வேண்டும்? அந்தக் காலத்தில் செங்கோட்டை மகாராஜா சீமை. எல்லையைத் தாண்டிக் கால் வைத்தால் திருவிதாங்கூர், நம் போலீஸ் தொட முடியாது. கலெக்டர் காகிதம் எழுதி, அது பெரிய துரை கைக்குப் போய், அங்கேயிருந்து திவான் கச்சேரிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். எழுதத்தான் செய்தார்கள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் அவன் செங்கோட்டையில் ரயில் ஏறி, கொல்லத்தில் பேரை மாற்றிக்கொண்டு, ஒரு பாக்கு மண்டியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

முப்பிடாதி அழுது முடித்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். அவன் கழுத்தில் கயிறு ஏறுகிற வரைக்கும் இந்த அடுப்பில் தீ ஏறாது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கச் சொன்னாள். அப்புறம் தென்காசியில் வீடு வீடாகப் போய் நெல் குத்திப் பிழைத்தாள். ஒவ்வொரு உலக்கைக் குத்தும் யார் மேல் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம், கருவாடு வாங்கக் கொல்லத்துக்கு ரயிலில் போய் வருகிற மசூது சாயபு, பெருமாளைப் பார்த்ததாக வந்து சொன்னார். குற்றாலிங்கத்திடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர், மனசு கேட்காமல்தான் சொன்னார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். கொல்லத்தை ஒட்டிக் கடல் ஓரத்தில் தங்கசேரி என்று ஒரு பழைய கோட்டை. சுற்றிலும் மகாராஜா நிலம். கோட்டையும் அதைச் சேர்ந்த துண்டு நிலமும் மட்டும் வெள்ளைக்காரன் கையில். அதுவும் நம் திருநெல்வேலி கலெக்டருக்குக் கீழே. ரோட்டில் ஒரு வளைவு நிற்கிறது, அதுதான் எல்லை. அங்கே திருடினவன் இங்கே ஓடிவந்து நின்று பல்லைக் காட்டுவான் என்று சொல்லி அவர் சிரித்தார்.

முப்பிடாதி சிரிக்கவில்லை. முற்றத்தில் உலக்கையைச் சாத்திவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஏட்டு காந்திமதிநாதன் பதமான ஆள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோட்டைக்குள் அவன் எதற்கம்மா வருவான் என்றார். நான் கூப்பிட்டால் வருவான் என்றாள். பெரியவர்களிடம் உத்தரவு வாங்கி, மாற்று உடுப்பில் இரண்டு கான்ஸ்டபிள்களோடு அவர் கிளம்பினார். அதே ரயிலில் வேறு பெட்டியில் முப்பிடாதி, மடியில் ஒரு தூக்குச்சட்டி. அதில் புளிச்சோறும் எள்ளுத் துவையலும். அடுத்த வீட்டு அடுப்பில் கிண்டியது. பெருமாளுக்கு எள்ளுத் துவையல் என்றால் உயிர்.

கோட்டையை அவள் ரயில் இறங்கின அன்றைக்கே போய்ப் பார்த்தாள். கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமுமாக என்னவோ நினைத்து வந்தவளுக்குப் பொக்கென்று போயிற்று. செம்புறைக்கல்லும் கருங்கல்லுமாகப் பாதி இடிந்த சுவர், அதில் ஆலமரம் வேர் விட்டிருந்தது. பக்கத்தில் வெளிச்சம் காட்டுகிற உயரமான கோபுரம். குடை பிடித்துக்கொண்டு, கவுன் போட்ட சட்டைக்காரச் சீமாட்டி ஒருத்தி நடந்து போனாள். முதலில் போர்த்துகீசியன் கட்டினான், டச்சுக்காரன் வந்து அவனை அடித்து விரட்டினான், பிறகு இங்கிலீஷ்காரன் வந்தான் என்று காந்திமதிநாதன் அங்கே கேட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே கிறிஸ்து சாமியைக் கும்பிடுகிறவர்கள், ஒரே சுவருக்காக ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு லட்சணம்தான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடல். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அருவித் தண்ணீர் விழுந்தால் ஓடிப் போய்விடும். இது போக மாட்டேன் என்று திரும்பத் திரும்ப வந்து சுவரிலேயே மோதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள், கூடவே வந்திருந்த மசூது சாயபு போய்ப் பெருமாளிடம் சொன்னார். உன் அக்கா கடல் பார்க்கிற கூட்டத்தோடு வந்திருக்கிறாள், ஒரு தரம் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம், சோறு கொண்டு வந்திருக்கிறாள். மதியத்துக்கு மேல் அவன் வந்தான். மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். வளைவுக்கு வெளியே, மகாராஜா பக்கத்துப் பூவரச மரத்தடியில், வளைவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்தான். எதிரே பீடிக்கடை, அதில் நாலைந்து வண்டிக்காரர்கள். வளைவுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் சுவரோரம் காந்திமதிநாதனும் ஆட்களும்.

அவள் இலையை விரித்துச் சோறு வைத்தாள். அவன் முகத்தை நிமிராமல் தின்றான். ஆனைப் பசி. இந்த ஊரில் எதைத் தின்றாலும் தேங்காய் எண்ணெய் வாடைதான் என்று குறைப்பட்டுக்கொண்டான். துவையலை வழித்து நக்கினான். அவள் இன்னும் ஒரு கை வைத்தாள். அந்தக் கை தானாகப் போனது, அவள் சொல்லிப் போகவில்லை. சின்ன வயதில் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவானே, அந்த முகம் தாடிக்குள்ளே தெரிந்தது. பாவி மனசு இளகிவிட்டது. இப்படியே எழுந்து ரயிலேறிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பொய்யில்லை, நினைத்தாள்.

அப்போது அவனாகத்தான் பேச்சை எடுத்தான்.

"அத்தான வெட்டணும்னு நா நெனைக்கலக்கா. கை போயிட்டு." கொஞ்சம் மென்றுவிட்டுச் சொன்னான். "ஆனா அவரு நாலு பேரு முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுல்லா."

அவ்வளவுதான். இளகினது இறுகிவிட்டது. கழுத்து அறுந்து கிடந்தவன் பேரில் இவனுக்கு இன்னும் குறை பாக்கி இருக்கிறதா!

அவன் சாப்பிட்டு முடித்தான். இலையைத் தன் பக்கமாக மடித்தான். நம் பக்கத்தில் நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை உள்ளே பார்த்து மடிப்போம், உறவு நீடிக்கட்டும் என்று. சாவு வீட்டில் மட்டும்தான் வெளிப்பக்கமாக மடிப்பது. அவன் மடித்ததை அவள் பார்த்தாள்.

உள்ளே போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டாள். அவன் கை கழுவிக்கொண்டே சிரித்தான்.

"அந்த வளைவுக்கு உள்ள யாரு மண்ணுன்னு எனக்குத் தெரியாதாக்கா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ போய்ப் பாத்துட்டு வா. நா இங்கனயே இருக்கேன்."

ஏட்டு போட்ட கணக்கு அதோடு முடிந்தது. இனி அவர் வெளியே வர முடியாது, இவன் உள்ளே போகமாட்டான். முப்பிடாதி எழுந்தாள். வளைவைத் தாண்டி உள்ளே போய், திரும்பி நின்றாள். அவள் வாழ்க்கையில் அந்தச் சோற்றை ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்லை. அவனை ஏசியிருக்கிறாள், அடித்திருக்கிறாள், ஆனால் போட்ட சோற்றை வாயால் எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தாள். பீடிக்கடைக்குக் கேட்கிற மாதிரி, பஜாரில் மிராசுதாரை நிறுத்திக் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"அவரு சொன்னதுல என்னலே தப்பு? அக்கா சோறு தின்னு வளந்த உடம்புதான இது? எம் புருசன வெட்டிப்போட்டும், அதே கைச் சோத்த இப்பமும் நக்கிட்டுத்தான எந்திச்சிருக்க? ஆம்பளையா நீ?"

தமிழ் தெரிந்த வண்டிக்காரன் ஒருத்தன் சிரித்தான். மற்றவர்களும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெருமாளின் காது சிவந்தது. அவள் இமையைப் பார்த்தாள். துடித்தது. வா, தம்பி, வா என்று மனசுக்குள் சொன்னாள்.

மடியிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு வந்தான். வளைவு அவன் கண்ணில் படவேயில்லை. முதல் குத்தை அவள் வலது கையால் தடுத்தாள், கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் அறுத்தது. விரல் மண்ணில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். அவன் தொடர்ந்து வந்தான். கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான், பல் உடைந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் ஆட்கள் அவசரப்பட்டு வந்துவிடுவார்கள், இவன் சுதாரித்து வெளியே குதித்துவிடுவான். வாய் நிறைய ரத்தத்தோடு அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இந்த உடம்பில் எண்ணெய் இல்லை, வழுக்கவில்லை. இழுத்துக்கொண்டே உள்ளே உள்ளே போனாள். அவன் அவள் முதுகில் குத்திக்கொண்டே வந்தான்.

அதற்குமேல் காந்திமதிநாதன் பொறுக்கவில்லை. தடியடி பின்னந்தலையில் விழுந்தது. கான்ஸ்டபிள்கள் இருவரும் முழங்காலைப் பார்த்து அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். கத்தி பிடித்த கையை ஒருத்தன் காலால் மிதித்துத் திருகினான், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. குதிரையை அவன் அடித்தபோது வந்ததைப் போலவே அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இருந்தது, வாய் வரவில்லை.

கயிற்றால் கட்டிப் புரட்டிப் போட்டபோதுதான் அவன் அந்த வளைவைப் பார்த்தான். அது அவன் கால்மாட்டில், ரொம்பத் தள்ளி நின்றது. அப்புறம் அவளைப் பார்த்தான். கோபம் எல்லாம் போயிருந்தது. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ஏக்கா, இம்புட்டு நாளும் எண்ணிக்கிட்டா சோறு போட்ட?"

எண்ணவில்லை என்றால் அவன் செத்துப்போவான், எண்ணினேன் என்றால் அவள் செத்துப்போவாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். முதுகு நனைந்திருந்தது. வளைவைத் தாண்டி வெளியே நடந்தாள். பீடிக்கடையில் இப்போது ஒருத்தனும் சிரிக்கவில்லை. பூவரச மரத்தடியில் இலை மடித்தபடியே கிடந்தது. உட்கார்ந்து, மிச்சமிருந்த மூன்று விரலால் அதைப் பிரித்தாள். பிரித்து, வெளிப்பக்கமாகப் பார்த்து மடித்தாள். மடிப்பு நிற்காமல் திரும்பத் திரும்ப எழும்பியது. அழுத்தி மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே மண்ணில் கிடந்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை மகாராஜா மண்ணில் கால் படாமல் படகில் ஏற்றி, கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டு போனார்கள். திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. முப்பிடாதி கூண்டில் ஏறி, வெட்டுப்பட்ட கையைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொல்வதற்கு ஏதாவது உண்டா என்று ஜட்ஜ் கேட்டபோது பெருமாள் இல்லை என்று தலையை ஆட்டினான். தங்கசேரியில் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாளையங்கோட்டை ஜெயிலில் தூக்கு.

காரியம் முடிந்துவிட்டது என்று காந்திமதிநாதனே குற்றாலத்துக்கு வந்து சொன்னார். சாரல் தொடங்கியிருந்தது, அவள் திரும்ப வந்து பழைய கடைக்குத் தட்டி கட்டியிருந்தாள். சாமியைக் கும்பிட்டாள், புருஷன் பேரைச் சொன்னாள், அடுப்பை மூட்டினாள். உலை கொதித்தது. அகப்பையை மூன்று விரலால் பிடிக்க வரவில்லை, துணியால் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இடது கையால் பரிமாறுவதை எவனும் ஒத்துக்கொள்ளமாட்டான் அல்லவா. சோறு வடித்து முடிக்கும்போது அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளவில்லை. தம்பி செத்துட்டான் ஏட்டையா, அழுதேன் என்றாள்.

உண்டுவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சூடாக இருக்கட்டும் என்று அந்த மூலையில் போய் உட்காரக் குனிந்தார்.

"அங்கன வேண்டாம் ஏட்டையா," என்றாள். "இங்கன உக்காருங்க."

அவர் எழுந்து வந்து அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். அவள் இலையைப் போட்டாள்.